வாசகர் கேள்வி–பதில்: முகக்கவசம் அணிந்த கோல்கீப்பர்

சென்ற இதழின் விளையாட்டுப் பக்கத்தில், கனடாவைச் சேர்ந்த ஐஸ் ஹாக்கி கோல்கீப்பர் ழாக் பிளான்ட் 1959-இல் முகக்கவசத்துடன் ஆட வந்ததைப் பற்றி ஐந்து வரித் துணுக்கு ஒன்று வெளியாகியிருந்தது. அதைப் படித்தவர்கள் அனுப்பிய கடிதங்கள் மேசையில் குவிந்துவிட்டதால், இம்முறை இந்தப் பகுதி முழுவதையும் அவருக்கும் அவருடைய தொழிலுக்குமே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் ஊரில் ஹாக்கி மட்டையைத் தொடாத பிள்ளைகள் குறைவு. எங்கள் கோல்கீப்பர்களும் நெஞ்சில் பந்தை வாங்கிக்கொண்டுதான் நிற்கிறார்கள். ஐஸ் ஹாக்கி கோல்கீப்பரின் வேலையில் அப்படி என்ன தனித்தன்மை?
— ஆர்.வி., கோவில்பட்டி

பதில்: கோவில்பட்டியிலிருந்து இக்கேள்வி வந்திருப்பதில் எனக்கு மகிழ்ச்சி, ஏனெனில் உங்களிடம் ஒப்பிட்டுச் சொன்னாலே பாதி விளங்கிவிடும். நீங்கள் ஆடும் ஹாக்கியில் கோல் 3.66 மீட்டர் அகலமும் 2.14 மீட்டர் உயரமும் கொண்டது. ஐஸ் ஹாக்கியிலோ அகலம் 1.83 மீட்டர், உயரம் 1.22 மீட்டர் மட்டுமே. காக்க வேண்டிய இடம் சிறியது என்பதால் வேலை எளிது என்று எண்ணிவிடக் கூடாது. உங்கள் ஆட்டத்தில் வட்டத்துக்குள்ளிருந்து அடித்தால்தான் கோல். அங்கே எங்கிருந்தும் அடிக்கலாம். கோலுக்குப் பின்புறமும் பனித்தளம் நீள்வதால் எதிரணியினர் கோல்கீப்பரின் முதுகுக்குப் பின்னால் சுற்றி வந்து ஆடுவார்கள். போதாததற்கு, இரு அணி வீரர்களும் அவர் கண்ணெதிரே திரைபோல் நிற்கும்போது அந்தக் கால்களின் இடுக்கிலிருந்து பாய்ந்து வருவது பந்தன்று, ‘பக்’ எனப்படும் ரப்பர் வட்டு. ஏழரை சென்டிமீட்டர் விட்டமும் இரண்டரை சென்டிமீட்டர் தடிமனும் கொண்ட அந்த வட்டு, துள்ளாமல் வழுக்க வேண்டும் என்பதற்காக ஆட்டத்துக்கு முன்பே உறைய வைக்கப்படுகிறது. எடை 156 முதல் 170 கிராம் வரை. ஏறத்தாழ உங்கள் ஹாக்கிப் பந்தின் எடைதான். நல்ல வீரர் ஓங்கி அடித்தால் மணிக்கு 150 கிலோமீட்டரையும் தாண்டும்.

இதையெல்லாம் 1950-களில் வெற்று முகத்தோடு எதிர்கொண்டார்கள் என்பதே நம்பக் கடினமான செய்தி. கனடா, அமெரிக்க நகரங்களின் அணிகள் மோதும் தொழில்முறைப் போட்டியான நேஷனல் ஹாக்கி லீக்கில் அப்போது இருந்தவை ஆறு அணிகள். அணிக்கு ஒரே ஒரு கோல்கீப்பர். பருவத்துக்கு 70 ஆட்டங்கள். உலகிலேயே ஆறு பேருக்கு மட்டும் கிடைத்த அந்த வேலையைக் காயத்தின் பேரில் ஒருநாள் விட்டுக்கொடுத்தால், மறுநாள் அந்த இடத்தில் வேறொருவர் நிற்கக்கூடும். கிளென் ஹால் என்பவர் 1955 முதல் 1962 வரை முகக்கவசமின்றித் தொடர்ந்து 502 ஆட்டங்கள் ஆடினார். ஆட்டத்துக்கு முன் வாந்தி எடுப்பது அவருக்கு வழக்கமாகவே இருந்தது. அதே தலைமுறையின் டெர்ரி சாவ்சுக்கின் முகத்தில் விழுந்த தையல்களை நூற்றுக்கணக்கில்தான் எண்ண வேண்டும். தவறு செய்யும் ஒவ்வொரு முறையும் தலைக்குப் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்து, பல்லாயிரம் பேர் கூச்சலிடும் வேலை உங்களுக்கு எப்படி இருக்கும் என்று பிளான்ட் கேட்டதுண்டு. அந்த விளக்கு உண்மையாகவே அங்கே உண்டு. கோல் விழுந்தவுடன் எரியும்.

கேள்வி: பிளான்ட் வசதியான வீட்டுப் பிள்ளையா? இத்தகைய விளையாட்டுக்கு அவர் எப்படி வந்தார்?
— ம. க., மன்னார்குடி

பதில்: வசதி என்ற பேச்சுக்கே இடமில்லை. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 1929 ஜனவரி 17 அன்று, பதினொரு குழந்தைகள் கொண்ட பிரெஞ்சு மொழிக் குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்து, ஷாவினிகன் என்ற தொழிற்சாலை ஊரில் வளர்ந்தவர். முதல் மட்டையை அவருடைய தந்தை மரவேரிலிருந்து செதுக்கிக் கொடுத்தார். உருளைக்கிழங்குச் சாக்கைத் திணித்துத் தைத்து, மரப்பலகை வைத்து வலுவேற்றியதே காலுக்கான காப்பு. தம்பி தங்கைகளுக்குச் சமைத்துப் போடுவதும் துணி தைப்பதும் மூத்தவரின் வேலைகளாக இருந்தன. பின்னல் வேலையையும் தாயிடம் கற்றார்.

சிறு வயதிலேயே ஆஸ்துமா அவரைப் பிடித்துக்கொண்டது. குளிர்காற்றில் நெடுநேரம் சறுக்கி ஓடினால் மூச்சு முட்டும் என்பதால், ஓட்டம் குறைந்த கோல்கீப்பர் இடம் அவருக்கு வாய்த்தது. பன்னிரண்டு வயதில் ஒருநாள், பள்ளி அணியின் கோல்கீப்பர் பயிற்சியாளரோடு வாக்குவாதம் செய்து வெளியேற்றப்பட்டபோது, ‘நான் நிற்கட்டுமா?’ என்று கேட்டு அந்த இடத்தைப் பிடித்தார். பின்னர் உள்ளூர்த் தொழிற்சாலை அணிக்கு ஆடியபோது, மற்றவர்கள் அனைவரும் ஊதியம் பெறும் தொழிலாளர்களாக இருப்பதைக் கண்ட தந்தை, நீயும் கூலி கேள் என்றார். ஆட்டத்துக்கு ஐம்பது சென்ட் தருவதாகப் பயிற்சியாளர் ஒப்புக்கொண்டார். மற்ற வீரர்களிடம் சொல்லக் கூடாது என்பது நிபந்தனை. பிளான்டின் தொழில்முறை வாழ்க்கை அந்த ஐம்பது சென்ட்டில்தான் தொடங்கியது.

மான்ட்ரியால் கனடியன்ஸ் அணி 1953-ஆம் ஆண்டின் அரையிறுதித் தொடரில் சிகாகோவிடம் 2–3 என்ற ஆட்டக் கணக்கில் பின்தங்கியிருந்தபோது, வழக்கமான கோல்கீப்பருக்குப் பதிலாக அவரை நிறுத்தினார்கள். முதல் நாளில் ஒரு கோலும் விடவில்லை. அடுத்த ஆட்டத்திலும் வென்று அணி இறுதிக்குப் போயிற்று. அந்த ஆண்டே லீக்கின் வெற்றியாளருக்கான ஸ்டான்லி கோப்பையும் கிடைத்தது. அடுத்த பத்தாண்டுகளுக்கு அந்த வலை அவருடையதாயிற்று.

கேள்வி: முகக்கவசம் அணிந்த அந்த இரவில் என்ன நடந்தது? துணுக்கில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே!
— எஸ். ஜெ., திருவண்ணாமலை

பதில்: குறை சரியானதே. அதை ஈடுசெய்ய முயல்கிறேன். ஆனால் கதையைச் சற்று முன்னிருந்து தொடங்க வேண்டும்.

பயிற்சியின்போது சக வீரர் அடித்த பக் பட்டு அவருடைய ஒரு கன்ன எலும்பு முறிந்தது. ஓராண்டு செல்வதற்குள் மறு கன்னமும் முறிந்தது. அதன்பின் பயிற்சியில் மட்டும் முகக்கவசம் அணியத் தொடங்கினார். ஆட்டத்தில் அணியப் பயிற்சியாளர் டோ பிளேக் ஒப்புக்கொள்ளவில்லை. இந்நிலையில், கண்ணாடியிழைப் பொருள்களைத் தயாரிக்கும் நிறுவனத்தில் பணியாற்றிய பில் பர்ச்மோர் என்பவர், ஓர் ஆட்டத்தில் பிளான்டின் நெற்றியில் அடிபடுவதை அரங்கில் அமர்ந்து பார்த்துவிட்டு, முகத்தோடு ஒட்டினாற்போல் பொருந்தும் கவசம் ஒன்றைச் செய்ய முடியும் என்று எழுதினார். பிளான்டின் முகத்தில் பிளாஸ்டர் பூசி அச்செடுத்து, அதன்மேல் கண்ணாடியிழையை அடுக்கடுக்காகப் படியவைத்துச் செய்த அந்தக் கவசம் அரைக் கிலோவுக்கும் குறைவான எடை கொண்டது. தோலின் நிறம், கண்களுக்கு இரண்டு துளைகள், வாய்க்கு ஒன்று. அக்காலப் படங்களில் பார்ப்பவர்களுக்கு அது இன்றும் சற்று அச்சமூட்டும்.

1959 நவம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன். ஆட்டம் தொடங்கி மூன்று நிமிடங்கள் ஆகியிருக்கும். நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணியின் ஆண்டி பாத்கேட் மட்டையின் பின்புறத்தால் சுண்டிவிட்ட பக், பிளான்டின் மூக்கில் பாய்ந்தது. முகம் பனியில் பட விழுந்தார். எழுப்பியபோது பனி சிவந்திருந்தது. துவாலையை முகத்தில் அழுத்திக்கொண்டு உள்ளே சென்றவருக்கு ஏழு தையல்கள் போடப்பட்டன. சற்று முன் தம்மை மோதிச் சாயவைத்ததற்குப் பதிலடியாக, வேண்டுமென்றே முகத்தைக் குறிபார்த்ததாகப் பாத்கேட் பல ஆண்டுகள் கழித்து ஒப்புக்கொண்டார்.

மான்ட்ரியாலுக்கு வேறு கோல்கீப்பர் இல்லை. அவசரத்துக்கு நிற்பதற்கென அரங்கில் உள்ளூர்க்காரர் ஒருவரை வைத்திருப்பதுதான் அக்கால வழக்கம். பல்லாயிரம் பேர் காத்திருக்க, ஆட்டம் ஏறத்தாழ இருபது நிமிடம் நின்றிருந்தது. முகக்கவசம் இல்லாமல் திரும்பமாட்டேன் என்று பிளான்ட் உறுதியாகச் சொல்லிவிட்டார். மூக்கில் ஈரம் காயாத தையலோடு பேசிய அந்த மனிதரிடம் மறுத்துப் பேச டோ பிளேக்குக்கு வழியில்லை. காயம் ஆறும் வரை மட்டும் என்ற உடன்பாட்டின் பேரில் இணங்கினார். பிளான்ட் கவசத்தோடு பனியில் இறங்கினார். மான்ட்ரியால் 3–1 என்று வென்றது.

அதன்பின் அணி தொடர்ந்து 18 ஆட்டங்களில் தோற்கவில்லை. அடுத்த மார்ச் 8 அன்று பிளேக்கின் வேண்டுகோளுக்காக ஒரே ஒருமுறை கவசத்தைக் கழற்றிவிட்டு டெட்ராய்ட் அணியை எதிர்கொண்டார். 0–3 என்று தோல்வி. மறுபடி அணிந்தார், அதன்பின் எவரும் கழற்றச் சொல்லவில்லை. அந்த ஆண்டின் ஸ்டான்லி கோப்பைக்கான ஆட்டங்கள் எட்டிலும் மான்ட்ரியால் வென்றது. 1956-இல் தொடங்கிய தொடர் வெற்றியில் அது ஐந்தாவது கோப்பை.

கேள்வி: அப்படியானால் உலகிலேயே முதன்முதலில் முகக்கவசம் அணிந்தவர் பிளான்ட்தானே?
— த. செ., நாமக்கல்

பதில்: இல்லை. 1927-இல் கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழகப் பெண்கள் அணியின் கோல்கீப்பர் எலிசபெத் கிரஹாம், வாள்வீச்சில் அணியும் கம்பிவலை முகமூடியோடு ஆடியிருக்கிறார். 1930-இல் மான்ட்ரியால் மரூன்ஸ் அணியின் கிளின்ட் பெனடிக்ட், மூக்கு உடைந்த பின் தோலால் செய்த கவசமொன்றைச் சில ஆட்டங்களுக்கு அணிந்து, பார்வையை மறைக்கிறது என்று விட்டுவிட்டார். பிளான்ட் செய்தது வேறு: அணிந்தார், வென்றார், கழற்ற மறுத்தார். பெண்கள் அணியினர் முன்னரே கண்டுகொண்ட ஒன்றை ஆண்களின் லீக் ஏற்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

கேள்வி: அடிபடும் என்று தெரிந்துதானே இந்த வேலைக்கு வருகிறார்கள்? முகத்தை மூடிக்கொண்டால் அதில் வீரம் எங்கே இருக்கிறது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மதுரை

பதில்: இதே கேள்வியைத்தான் 1959-இல் அவரிடமும் கேட்டார்கள். பாராசூட் இல்லாமல் விமானத்திலிருந்து குதித்தால் அது வீரமாகிவிடுமா என்று அவர் திருப்பிக் கேட்டார்.

பயிற்சியாளரின் தயக்கத்தில் கொஞ்சம் நியாயம் இருந்ததை மறுக்கவில்லை. முகத்தோடு ஒட்டிய கவசம் காலடியில் கிடக்கும் பக்கை மறைக்கும் என்றும், வலிக்கு அஞ்சாத கோல்கீப்பரின் கவனம் தளர்ந்துவிடும் என்றும் அவர் கருதினார். முதலாவது கவலை உண்மையானது. குனிந்து பார்க்கப் பழகிக்கொண்டால் தீர்ந்துவிடும். இரண்டாவதோடு என்னால் உடன்பட முடியவில்லை. ஒருவர் அச்சத்தில் நிற்பதால்தான் நன்றாக வேலை செய்கிறார் என்பது, காலமெல்லாம் வேலை கொடுப்பவர்கள் வேலை செய்பவர்களின் உடலைப் பற்றிச் சொல்லிவரும் கதை. கவசத்தோடு ஆடிய முதல் பருவத்திலும் லீக்கில் மிகக் குறைவாகக் கோல் வாங்கியதற்கான வெசினா கோப்பை பிளான்டுக்கே கிடைத்தது. 1962-இல் அதே கோப்பையுடன் லீக்கின் மிகச் சிறந்த வீரருக்கான ஹார்ட் கோப்பையும் வந்து சேர்ந்தது. கண்ணை மூடாமல் பக்கை இறுதிவரை பார்க்க முடிந்தவருக்கு அந்தக் கவசம் ஆட்டத்திறனையும் கூட்டியது என்றே நான் படிக்கிறேன்.

கேள்வி: முகக்கவசத்தைத் தவிர அவர் வேறு என்ன செய்தார்?
— இரா. பா., சிதம்பரம்

பதில்: என்னைக் கேட்டால் அவருடைய பெரிய செயல் வேறொன்று; கவசம் அடுத்ததுதான். அவருக்கு முன்பு கோல்கீப்பர் என்பவர் வலைக்கு முன்னால் நட்டுவைத்த தூண். பிளான்ட் வலையை விட்டு வெளியே வந்தார். எதிரணி ஓரச்சுவரை ஒட்டி அடித்துவிடும் பக், கோலுக்குப் பின்புறம் சுழன்று வரும். அதைத் தாமே பின்னால் சென்று நிறுத்தி, தம் தற்காப்பு வீரரின் மட்டைக்கு வாகாக விட்டுவைத்தார். களம் முழுவதும் தம் கண்முன் விரிந்திருப்பதால் யார் எங்கே வருகிறார் என்று உரக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். நடுவர் ‘ஐசிங்’ என்னும் விதிமீறலை அறிவிக்கப் போகிறார் என்பதைக் கையை உயர்த்தித் தம் வீரர்களுக்கு முன்கூட்டியே காட்டினார். இன்று இவற்றைச் செய்யாத கோல்கீப்பர் இல்லை. அன்று ரசிகர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

ஆட்டம் முடிந்ததும் யாருக்கு எதிராக எப்படிக் கோல் விழுந்தது என்று குறித்துவைப்பதும் அவர் வழக்கம். சில அரங்குகளில் கோலின் மேற்கம்பி தாழ்வாக இருப்பதாக ஒருமுறை சொன்னபோது பலர் நம்பவில்லை. வழக்கமாக நிற்கும்போது அது முதுகில் வேறிடத்தில் படுகிறது என்பதே அவர் கண்டறிந்த அடையாளம். அளந்து பார்த்தார்கள், அவர் சொன்னது சரியாக இருந்தது.

கேள்வி: அவர் பின்னல் வேலை செய்வார் என்று எங்கோ படித்தேன். உண்மையா?
— ஜா. மே., நாகர்கோவில்

பதில்: உண்மை. காலுறையும் கம்பளித் தொப்பியும் தாமே பின்னிக்கொள்வார். அந்தத் தொப்பியை அணிந்து லீக் ஆட்டத்தில் இறங்கத் தொடக்கத்தில் பயிற்சியாளராக இருந்த டிக் இர்வின் அனுமதிக்கவில்லை. பயண நேரத்தில் மன அமைதி தருகிறது என்பதால் பின்னலை மட்டும் அவர் கடைசிவரை விடவில்லை.

கேள்வி: இத்தனை அடிபட்டும் ஒரு கோல்கீப்பரால் எத்தனை வயது வரை தாக்குப்பிடிக்க முடியும்?
— மு. ந., ஈரோடு

பதில்: இதற்குப் பொதுவிடை கிடையாது. பிளான்டுக்குப் பின் மான்ட்ரியால் வலையைக் காத்தவர்களுள் தலைசிறந்தவரான கென் டிரைடன், எட்டுப் பருவங்களில் ஆறு கோப்பைகளை வென்று, இடையில் ஓராண்டு சட்டப் பயிற்சிக்காக ஆட்டத்தையே நிறுத்திவைத்து, 1979-இல் 31 வயதில் முழுமையாக விலகினார். பின்னாளில் கனடாவின் அமைச்சரானார். அவருக்கு விலகுவது எளிதாக வந்தது. பிளான்டுக்கு வரவேயில்லை.

டோ பிளேக்கோடு உறவு கசந்து 1963-இல் நியூயார்க்குக்கு மாற்றப்பட்டார். தாம் முகம் உடைந்து விழுந்த அதே அரங்குதான் அவருக்குச் சொந்த அரங்காயிற்று. அங்கே நன்றாக அமையவில்லை. 1965-இல் ஓய்வு பெற்று மதுபான நிறுவனமொன்றில் விற்பனைப் பணிக்குச் சென்றார். பெரும்பாலோரின் கதை அத்தோடு முடிந்திருக்கும். 1968-இல் சென்ட் லூயிஸ் புளூஸ் அணி அழைத்தபோது அவருக்கு வயது 39. அங்கே உடன் நின்றவர், ஆட்டத்துக்கு முன் வாந்தி எடுப்பார் என்று மேலே சொன்னேனே, அதே கிளென் ஹால். இரு முதியவர்களும் மாறி மாறி நின்று 1969-இல் வெசினா கோப்பையைப் பகிர்ந்துகொண்டார்கள். பிளான்டுக்கு அது ஏழாவது. 1970 இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் போஸ்டன் வீரர் அடித்த பக் இன்னொருவரின் மட்டையில் பட்டுத் திசைமாறி, நெற்றியில் மோதிக் கவசத்தை உடைத்தது. நினைவிழந்து விழுந்தவரை மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார்கள். கவசம் இல்லாதிருந்தால் உயிரோடு இருந்திருக்கமாட்டேன் என்று பின்னர் சொன்னார். அடுத்த பருவம் டொராண்டோவுக்குச் சென்று, 42 வயதில், லீக்கிலேயே குறைந்த சராசரியாக ஆட்டத்துக்கு 1.88 கோல் மட்டுமே விட்டார். எட்மன்டனில் 1975-இல் முடிவாக நிறுத்தியபோது வயது 46.

கேள்வி: தம் நுணுக்கங்களை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாரா, தம்மோடே வைத்துக்கொண்டாரா?
— கோ. இ., தஞ்சாவூர்

பதில்: எதிரணிக்கே சொல்லிக்கொடுத்தார். 1972 செப்டம்பர் 2 அன்று மான்ட்ரியாலில் கனடாவும் சோவியத் ஒன்றியமும் மோதிய புகழ்பெற்ற தொடரின் முதல் ஆட்டத்துக்குச் சற்று முன், பிளான்ட் மொழிபெயர்ப்பாளரோடு சோவியத் வீரர்களின் அறைக்குள் நுழைந்தார். அங்கே இருபதே வயதான கோல்கீப்பர் விளாதிஸ்லாவ் திரெத்தியாக்கை அழைத்து, கனடாவின் பெரிய வீரர்கள் எந்தக் கோணத்திலிருந்து எப்படி அடிப்பார்கள் என்று வரைந்து காட்டினார். பையன் கோல்களை வாங்கிக் குவித்து அவமானப்படுவான் என்று இரங்கியிருக்கலாம் என்பது பின்னாளில் திரெத்தியாக் செய்த ஊகம். அன்று சோவியத் அணி 7–3 என்று வென்றது. சொந்த நாட்டுக்குத் துரோகம் என்று சிலர் இதைப் பேசலாம். வலைக்கு முன் தனியே நிற்கப் போகும் ஓர் இளைஞனைக் கண்டு அந்தத் தொழிலில் தழும்பேறிய ஒருவரின் மனம் இளகியதாகவே நான் காண்கிறேன்.

டொராண்டோவில் உடன் ஆடிய பெர்னி பேரன்ட்டுக்கும் அவரே ஆசான். சமநிலையும் கோணமும் பற்றி அவரிடம் கற்ற பேரன்ட், பிலடெல்பியா அணிக்கு 1974, 1975 ஆண்டுகளில் கோப்பையை வென்று தந்தார்.

கேள்வி: பத்து வயதான என் மகன் கோல்கீப்பராக ஆட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். ஆஸ்துமாவும் உண்டு. அனுப்பலாமா? 
— இரு பிள்ளைகளின் தாய், ஸ்கார்பரோ, கனடா

பதில்: அம்மா, ஆஸ்துமாவைக் காரணமாக்கி மறுத்துவிட வேண்டாம், இத்தனை நேரம் நாம் பேசியவர் அதே நோயோடு 46 வயது வரை ஆடியவர். மகனைக் கவனிக்கும் மருத்துவரிடம் கேளுங்கள். இன்ஹேலரைப் பையின் எந்தப் பக்கத்தில் வைத்திருக்கிறான் என்பது பயிற்சியாளருக்கும் தெரிந்திருக்கட்டும்.

காப்புச் சாதனங்கள் விலை கூடியவை. தொடக்க வயதுக் கோல்கீப்பர்களுக்கு அவற்றை இரவலாகத் தரும் சிறுவர் சங்கங்கள் கனடாவில் உண்டு, முதலில் விசாரியுங்கள். இரவலாக வாங்கினாலும் இரண்டை மட்டும் நீங்களே கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று, முகக்கவசம். 1979 பிப்ரவரியில் பேரன்ட்டின் கவசத்துக் கண் துளைக்குள் மட்டையின் நுனி புகுந்ததில், ஆசான் வழியில் வந்த அந்த நல்ல கோல்கீப்பரின் வாழ்க்கை 33 வயதிலேயே முடிந்தது. இத்தகைய காயங்களைத் தடுக்கத்தான் இன்றைய கவசங்களில் கண்களுக்கு முன் கம்பிக்கூடு இருக்கிறது. அதன் திருகுகள் ஆடாமல் இருக்க வேண்டும், நாடாவை மாட்டியபின் தலையை ஆட்டினால் கவசம் நகரக் கூடாது. இரண்டாவது, கழுத்துக்காப்பு. 1989 மார்ச் 22 அன்று பஃபலோவில் எதிரணி வீரரின் ஸ்கேட் அலகு கிளின்ட் மலார்ச்சுக் என்ற கோல்கீப்பரின் கழுத்தின் பெரிய இரத்தக் குழாயை அறுத்தது. அணியின் மருத்துவ உதவியாளர் விரலால் அந்தக் குழாயை அழுத்திப் பிடித்ததால் பிழைத்தார். வேர்க்கிறது, அரிக்கிறது என்று பிள்ளைகள் கழற்றிப் பைக்குள் போட்டுவிடும் காப்பு அதுதான். அவன் பனியில் இறங்குவதற்கு முன், கடைசியாக உங்கள் கையாலேயே அதை மாட்டிவிடுங்கள்.